சோலார் போடலாமா? முதலில் மீட்டரைப் பாருங்கள்

இந்த இதழுக்காக ஆசிரியர் என் கையில் ஒரு கட்டுக் கடிதத்தைக் கொடுத்தார். எல்லாமே மாடியில் சோலார் பேனல் வைத்துக் கரண்ட் பில்லைக் குறைப்பது பற்றித்தான். நான் இருபத்தெட்டு வருடமாக வயரிங் வேலை பார்க்கிறவன். அதில் கடைசிப் பதினோரு வருடம் பேனல் வேலை. முழங்கால் வலி வந்த பிறகு மாடிக்கு என் தங்கை மகன் ஏறுகிறான், நான் கீழே நின்று கத்துகிறேன். அந்தப் பழக்கத்தில் சில பதில்கள் கொஞ்சம் சத்தமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் மாதம் 300 யூனிட் ஓடுகிறது. பில் வந்தாலே பகீர் என்கிறது. ஒருவர் 2 கிலோவாட் போதும் என்கிறார், இன்னொருவர் 5 கிலோவாட்டாகப் போட்டுவிடுங்கள் என்கிறார். யாரை நம்புவது? (ஒரு இல்லத்தரசி)

பதில்: இரண்டு பேரையும் விடுங்கள் அம்மா, உங்கள் மீட்டரை நம்புங்கள்.

மேலோட்டமான கணக்கு சுலபம். மாதம் 300 என்றால் ஒரு நாளைக்கு 10 யூனிட். நல்ல வெயில் விழும் இடத்தில் 1 கிலோவாட் பேனல், வருடம் முழுவதும் சராசரி பார்த்தால், நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். மேகமும் குளிரும் அதிகமான நாடுகளில் அது 3-க்கும் கீழே போய்விடும். ஆக உங்களுக்கு இரண்டரை, மூன்று கிலோவாட். விற்க வருகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். வழுக்குகிற இடம் இதற்கு அப்புறம்தான் வருகிறது.

அந்த 10 யூனிட் எந்த நேரத்தில் ஓடுகிறது? இது தெரியாமல் பேனல் போடக்கூடாது. ஒரு வாரம் காலை எட்டு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் மீட்டரில் உள்ள எண்ணை ஒரு தாளில் குறித்து வாருங்கள். காலையிலிருந்து மாலை வரை ஓடியது ஒரு பக்கம், மாலையிலிருந்து மறுநாள் காலை வரை ஓடியது இன்னொரு பக்கம். இரண்டு நிமிட வேலை. நான் எந்த வீட்டுக்குப் போனாலும் இந்தத் தாள் இல்லாமல் அளவு சொல்ல மாட்டேன்.

ஒரு வீடு நினைவுக்கு வருகிறது. புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளை பள்ளிக்கூடத்தில். உங்களைப் போலவே நாளுக்கு 10 யூனிட். குறித்துப் பார்த்தால் பகலில் ஓடுவது வெறும் 2, அதுவும் முக்கால்வாசி ஃப்ரிட்ஜ். மிச்சம் 8 யூனிட்டும் ராத்திரி: படுக்கையறை ஏசி, கீஸர், வாஷிங் மெஷின். அந்த வீட்டு மாடியில் பகலில் உண்டாகும் கரண்டைக் குடிக்க வீட்டில் ஆளே இல்லை. அது நேராக லைனுக்குப் போகும். போகிற யூனிட்டை மின் நிறுவனம் எப்படிக் கணக்கு வைக்கிறது என்பதில்தான் உங்கள் பில்லின் தலையெழுத்து இருக்கிறது.

அதனால் மின் அலுவலகத்தில் இரண்டே கேள்வி கேளுங்கள். நான் லைனுக்குத் தரும் ஒரு யூனிட்டுக்கு, நான் எடுக்கும் ஒரு யூனிட்டை அப்படியே கழிப்பீர்களா, அல்லது குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்வீர்களா? மிச்சம் இருந்தால் அதை எந்த மாதத்தோடு அழிப்பீர்கள்? அப்படியே கழிப்பார்கள் என்றால் (நெட் மீட்டரிங் என்பது இதுதான்) பகல், ராத்திரி வித்தியாசம் உங்களைப் பெரிதாகப் பாதிக்காது, 3 கிலோவாட் தாராளமாகப் போடலாம். குறைந்த விலைக்குத்தான் வாங்குவார்கள் என்றால் பகலில் ஓடும் அளவை ஒட்டிச் சின்னதாகப் போடுவதே புத்திசாலித்தனம்.

அளவைக் கூட்டுவதற்கு முன்னால் நேரத்தை மாற்றிப் பாருங்கள். ஒரு ஹெச்.பி. தண்ணீர் மோட்டார் ஓடும்போது சுமார் 1 கிலோவாட் இழுக்கும். அயர்ன் பாக்ஸும் அதே அளவுதான். மோட்டாரை விடிகாலையில் போடும் வழக்கத்தை விட்டுப் பதினொரு மணிக்குப் போட்டால் தண்ணீர் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. வேலைக்குப் போகிறவர்கள் ஒரு டைமர் மாட்டிவிடலாம்.

கேள்வி: 3 கிலோவாட் போட்டிருக்கிறேன். உச்சி வெயிலில்கூட இன்வெர்ட்டர் (பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி) 2.4 கிலோவாட்டைத் தாண்டவில்லை. என்னை ஏமாற்றிவிட்டார்களா? (ஓய்வு பெற்ற ஆசிரியர்)

பதில்: இல்லை சார். பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் வாட் கணக்கு சோதனைக்கூடத்தில் எடுத்தது. ஒரு சதுர மீட்டரில் 1000 வாட் வெளிச்சம், செல்லின் (பேனலுக்குள் வெளிச்சத்தைக் கரண்டாக்கும் சின்னத் துண்டு) சூடு 25 டிகிரி. அந்த 25 டிகிரி உங்கள் மாடியில் எங்கே கிடைக்கப்போகிறது? நடுப்பகலில் பேனல் மேல் கையை வைத்துப் பாருங்கள், வைத்த வேகத்தில் எடுத்துவிடுவீர்கள். உள்ளே செல் 60, 65 டிகிரியில் வெந்துகொண்டிருக்கும். 25-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி ஏறக்குறைய 0.35 சதவீதம் இறங்கும். 40 டிகிரி ஏறினால் 14 சதவீதம் போச்சு. 3 கிலோவாட் அங்கேயே 2.58 ஆகிவிடும். அப்புறம் தூசி, வயர், இன்வெர்ட்டர் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டால் உங்கள் 2.4 சரியாக வந்துவிடுகிறது.

வெயில் கொளுத்தினால் கரண்ட் கொட்டும் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அதற்குப் பகை. என் வீட்டு இன்வெர்ட்டரில் இதுவரை நான் பார்த்த பெரிய எண், மழை விட்டு மேகம் விலகிக் காற்று சிலுசிலுவென்று அடித்த ஒரு பகலில் வந்தது. அதனால்தான் பேனலைத் தளத்தோடு ஒட்டிப் படுக்க வைக்காமல் அடியில் காற்றோட இடம் விடச் சொல்கிறோம்.

பேனல் சூரியனை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும் பகலில், மேகமே இல்லாமல், நாள் தவறாமல் 2-க்குக் கீழே காட்டினால் அப்போது ஆளைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: தண்ணீர் டேங்க் நிழல் காலையில் ஒரு மணி நேரம் ஒரு பேனலின் ஓரத்தில் மட்டும் விழும் என்கிறார் வேலை செய்ய வந்தவர். ஓரம்தானே, விட்டுவிடலாமா? (தனியார் நிறுவன ஊழியர்)

பதில்: விட்டவன் கதையைச் சொல்கிறேன். அந்த மடையன் நான்தான்.

என் சொந்த வீட்டில் பேனல் மாட்டியது சூரியன் உச்சியில் போகும் மாதங்களில். டேங்க் நிழல் டேங்க் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. அதிலிருந்து மூன்றடி தள்ளிப் பேனலைப் போட்டு, ஊருக்கே புத்தி சொல்கிறவன் என்ற மிதப்பில் கீழே இறங்கிவிட்டேன். என் மனைவி தினமும் மாலை இன்வெர்ட்டர் காட்டும் யூனிட்டை ஒரு நோட்டில் எழுதி வைப்பாள். 12, 12, 11 என்று ஓடியது. சில மாதம் கழித்து 9, 8, 8. “உங்க சூரியனுக்கு என்ன காய்ச்சலா?” என்று கேட்டாள். குளிர்காலத்தில் பகல் சுருங்கும், அப்படித்தான் இருக்கும் என்று சமாளித்தேன். இரண்டு வாரம் கழித்துத்தான் காலை ஒன்பது மணிக்கு மேலே போய்ப் பார்த்தேன். சூரியன் சாய்ந்து போக, டேங்க் நிழல் நீண்டு வந்து இரண்டு பேனலின் கீழ் விளிம்பில் கறுப்புத் துண்டு போட்ட மாதிரி படுத்திருந்தது.

பேனலுக்குள் செல்கள் ஒன்றன் பின் ஒன்றாகச் சங்கிலி போலக் கோத்திருக்கும். தோட்டத்து ஹோஸை ஒரு இடத்தில் மிதித்தால் முழு ஹோஸிலும் தண்ணீர் குறைகிறதல்லவா, அதே கதைதான். ஒரு செல்லில் நிழல் விழுந்தால் அந்தச் சங்கிலி முழுவதும் நொண்டும். இதற்காகவே சாதாரணப் பேனலின் முதுகில் உள்ள பெட்டியில் மூன்று பைபாஸ் டையோடு இருக்கும். நொண்டும் பகுதியைச் சுற்றிக் கரண்டைக் கடத்திவிடும் வேலை அவற்றுக்கு. அப்படிக் கடத்தினாலும் ஒரு கை அகல நிழலுக்குப் பேனலில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். நிழல் கீழ் விளிம்பு முழுக்கப் படுத்தால் மூன்று பகுதியும் ஒன்றாக அடிபடும், எனக்கு நடந்தது அதுதான். இப்போது வரும் பாதி செல் பேனல்கள் கொஞ்சம் தாங்கும். மேல் பாதியும் கீழ் பாதியும் தனித்தனியாக ஓடுவதால் கீழே நிழல் விழுந்தாலும் மேல் பாதி வேலை செய்யும்.

கடைசியில் பேனலைத் தாங்கும் மொத்த ஸ்ட்ரக்சரையும் கழற்றி ஐந்தடி தள்ளி வைத்தேன். பழைய போல்ட் ஓட்டைகளைச் சரியாக அடைக்காமல் விட்டதில் அடுத்த மழைக்குக் கூரை ஒழுகியது, அது தனிக் கதை.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருப்பவர்களுக்கு டிசம்பர் 21-ஐ ஒட்டியும், தெற்கே இருப்பவர்களுக்கு ஜூன் 21-ஐ ஒட்டியும் சூரியன் மிகத் தாழ்வாகப் போகும். அந்த நாட்களில் காலை ஒன்பது முதல் மாலை மூன்று வரை நிழல் விழாத இடமே பேனலுக்கான இடம். சாக்பீஸால் மணிக்கு ஒரு கோடு போட்டுப் பார்த்தால் படமே கிடைத்துவிடும். அதுவரை காத்திருக்க முடியாது என்றால் சூரியன் போகும் பாதையைக் காட்டும் செயலிகள் போனிலேயே இருக்கின்றன. வேறு இடமே இல்லை, நிழலோடுதான் வாழ வேண்டும் என்றால் ஒவ்வொரு பேனலையும் தனித்தனியாக ஓட வைக்கும் சின்னப் பெட்டி, அதாவது மைக்ரோ இன்வெர்ட்டரோ ஆப்டிமைசரோ, வைக்கலாம். செலவு கூடும். ஒரு பேனல் படுத்தால் மற்றவை ஓடும்.

கேள்வி: சோலார் பேனலைக் கண்டுபிடித்தது யார்? (பத்தாம் வகுப்பு மாணவி)

பதில்: ஒரே ஆள் பேரைச் சொல்ல முடியாது கண்ணு. வெளிச்சம் பட்டால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1839-ல் பிரான்ஸ் நாட்டு எட்மண்ட் பெக்கெரல் கண்டார், அப்போது அவருக்கு 19 வயது. உருப்படியாக வேலை செய்யும் சிலிக்கான் செல்லை 1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் என்ற மூன்று பேர் செய்தார்கள். விழுந்த வெளிச்சத்தில் சுமார் 6 சதவீதம்தான் கரண்டானது. இன்று கடையில் கிடைக்கும் பேனல் 20 முதல் 22 சதவீதம். 1958-ல் பறந்த வேன்கார்டு 1-தான் சோலார் செல்லோடு விண்ணுக்குப் போன முதல் செயற்கைக்கோள்.

கூடுதலாக ஒன்று. 1979-ல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் வெள்ளை மாளிகைக் கூரையில் வைத்தது கரண்ட் தரும் பேனல் இல்லை, தண்ணீர் சுடவைக்கும் பேனல். பார்க்க ஒன்று போல இருப்பதால் பெரியவர்களே குழம்பிக்கொள்கிறார்கள். வகுப்பில் இதைக் கேட்டுப் பார், ஆசிரியரும் யோசிப்பார்.

கேள்வி: மாடியில் அவ்வளவு வெயில் அடிக்கிறது, பேனலும் இருக்கிறது. கரண்ட் கட் ஆனால் வீடு இருட்டு. இதற்கா இவ்வளவு செலவு செய்தோம்? (சிறு கடை நடத்துபவர்)

பதில்: உங்கள் கோபம் எனக்குப் புதிதில்லை. விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும், பல பேர் சொல்வதில்லை.

பேட்டரி இல்லாமல் லைனோடு சேர்ந்து ஓடும் இன்வெர்ட்டர், லைனில் வரும் மின்சாரத்தைப் பார்த்துத்தான் தாளம் போடும். லைன் போனால் இரண்டு விநாடிக்குள் நின்றுவிட வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. ஏன் என்று யோசித்துப் பாருங்கள். கம்பத்தில் ஒருவர் ஏறி, மெயினை நிறுத்தியாகிவிட்டது என்ற நம்பிக்கையில் வயரைத் தொடுகிறார். அந்த நேரம் உங்கள் மாடியிலிருந்து கரண்ட் பின்வழியாக லைனுக்கு வந்தால்? நான் கம்பத்தடியில் நின்று வேலை பார்த்தவன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் “ஏதாவது குறுக்கு வழி இருக்கா அண்ணே?” என்று கேட்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

கரண்ட் கட்டிலும் ஓட வேண்டும் என்றால் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். லைன் போனதும் அது உங்கள் வீட்டை லைனிலிருந்து பிரித்துவிட்டு உள்ளே மட்டும் கொடுக்கும். எல்லாச் சாமானையும் அதில் மாட்டாதீர்கள். விளக்கு, ஃபேன், ஃப்ரிட்ஜ், கடை பில்லிங் கம்ப்யூட்டர் இவற்றுக்குத் தனி லைன் இழுத்தால் 5 யூனிட் பேட்டரி சாயங்காலத்தைத் தள்ளிவிடும். ஏசியைச் சேர்த்தால் மூன்று, நான்கு மணி நேரத்தில் முடிந்தது.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி சில ஆயிரம் தடவை சார்ஜ் ஏறி இறங்கும், அதில் இருப்பதில் 80, 90 சதவீதம் வரை எடுக்கலாம். பழைய ஈய அமில பேட்டரியில் பாதிக்கு மேல் தினமும் எடுத்தால் அதன் ஆயுளை நீங்களே சுருக்குகிறீர்கள். என் அபிப்பிராயம்: எப்போதோ ஒரு தடவை கரண்ட் போகும் ஊரில், நெட் மீட்டரிங்கும் இருந்தால், பில்லைக் குறைக்கிறேன் என்று பேட்டரி வாங்குவது வீண் செலவு. அடிக்கடி கரண்ட் போனால் அது வேறு கணக்கு.

கேள்வி: பேனல் போட்ட முதல் மாதம் பில் கூடிவிட்டது! என்ன மாயம் இது? (ஒரு வாசகர்)

பதில்: மாயம் இல்லை, மீட்டர். இரண்டு வழி மீட்டர் வருவதற்கு முன்னாலேயே சுவிட்சைப் போட்டுவிட்டீர்களா என்று பாருங்கள். பழைய சக்கர மீட்டரில் கரண்ட் வெளியே போனால் சக்கரம் பின்னால் சுற்றும். ஆனால் சில டிஜிட்டல் மீட்டர்களுக்குத் திசை தெரியாது. உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் “ஓடியது” என்றே கூட்டிக்கொள்ளும். நீங்கள் லைனுக்குத் தானம் கொடுத்த கரண்டுக்கும் உங்களிடமே காசு கேட்கும். இப்படி ஒரு வீட்டில் இருபது நாள் ஓடி, அந்த மனிதர் என்னைத் தேடி வந்தபோது பாவமாகவும் சிரிப்பாகவும் இருந்தது. புது மீட்டர் மாட்டி, அதில் வந்தது, போனது இரண்டும் தனித்தனியாகக் காட்டுகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகு ஓட விடுங்கள். அதுவரை பேனல் சும்மா வெயில் காயட்டும்.

மீட்டர் சரியாக இருந்தும் பில் கூடியிருந்தால் வீட்டில் இருப்பவர்களைக் கவனியுங்கள். “இப்பத்தான் சோலார் இருக்கே” என்று ஏசி இரண்டு மணி நேரம் கூட ஓடும்.

கேள்வி: பேனல் பக்கம் லேசாகப் பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தது. போட்டவரைக் கேட்டால், வெயிலில் அப்படித்தான் என்கிறார். பயப்பட வேண்டுமா? (ஒரு வாசகி)

பதில்: பயப்படுங்கள் அம்மா. இன்றே இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு வேறு ஆளைக் கூப்பிடுங்கள். வெயிலுக்குப் பிளாஸ்டிக் வாசனை வராது.

போன வருடம் ஒரு வீட்டில் இதே புகார். தங்கை மகன் மேலே போய், பேனலுக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்த வயர் இணைப்பைப் போட்டோ எடுத்து அனுப்பினான். ஆள்காட்டி விரல் நீளத்துக்குக் கறுப்பாக இரண்டு துண்டு ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து ‘டிக்’ என்று பூட்டும் கனெக்டர் அது. நடுவில் உருகி வழிந்து, அதன் மேல் பழுப்பு வளையம். காரணம் சின்னது: ஆண் துண்டு ஒரு கம்பெனி, பெண் துண்டு இன்னொரு கம்பெனி. பார்க்க ஒரே மாதிரி, நுழைந்தும் விடும். ஆனால் உள்ளே உலோகம் உலோகத்தை முழுதாகத் தொடாது. தொடாத இடத்தில் சூடு, சூட்டில் இளக்கம், இளக்கத்தில் இன்னும் சூடு.

வீட்டு பிளக்கில் இப்படி ஆனாலும் ஆபத்துதான், மாடியில் அது இன்னும் மோசம். மாடியில் ஓடுவது டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் கரண்ட். பெரிய பேனல் ஒன்று 50 வோல்ட் வரை கொடுக்கும், பத்தைத் தொடராகக் கோத்தால் 500 வோல்ட். வீட்டுக் கரண்ட் விநாடிக்கு நூறு தடவையாவது பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுப் போவதால் தீப்பொறி தானாக அறுந்துவிடும். டிசியில் அந்தப் பூஜ்யமே கிடையாது, பொறி பிடித்தால் நின்று எரியும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். சுவிட்சை அணைத்தாலும் வெயில் இருக்கும்வரை பேனல் பக்கத்து வயரில் வோல்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். அதனால் ஓடிக்கொண்டிருக்கும்போது கனெக்டரைக் கையால் பிடுங்குவது தற்கொலைக்குச் சமம். நீங்களோ வீட்டுப் பையனோ மேலே போய் ஆட்டிப் பார்க்க வேண்டாம்.

வேலை நடக்கும்போதே கேட்க வேண்டியவை: இரண்டு பக்கக் கனெக்டரும் ஒரே கம்பெனியா, அதற்கென்று உள்ள கிரிம்பிங் கருவியால் அழுத்தினாரா (கட்டிங் பிளேயரால் கடித்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்), வயர் தளத்தில் கிடக்காமல் கட்டியிருக்கிறதா, ஸ்ட்ரக்சருக்கு எர்த் கொடுத்தாரா, இடி மின்னலுக்கு சர்ஜ் பாதுகாப்பு இருக்கிறதா. இவ்வளவு கேட்டால் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

கேள்வி: பேனலை எப்படிக் கழுவுவது? (மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்)

பதில்: விடிகாலையில், கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது, தண்ணீரும் மிருதுவான துடைப்பானும் போதும். உச்சி வெயிலில் சுடும் கண்ணாடி மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மழைத் தண்ணீர் பிடித்து வையுங்கள், அல்லது துடைத்தவுடன் ரப்பர் வைப்பரால் இழுத்துவிடுங்கள். ஒரு வீட்டில் வாரம் தவறாமல் உப்புத் தண்ணீரில் கழுவிக் கழுவி, கண்ணாடி மேல் வெள்ளைப் படலம் ஏறி, தூசியோடு விட்டிருந்தாலே நன்றாக ஓடியிருக்கும் என்ற நிலைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பறவை எச்சத்தை மட்டும் தள்ளிப்போட வேண்டாம், அது நிழல் மாதிரி ஒரே இடத்தில் உட்காரும். சோப்பு வேண்டாம். பேனல் மேல் ஏறி நிற்கவே வேண்டாம். கண்ணாடி தாங்கினாலும் உள்ளே இருக்கும் செல்லில் மயிரிழை விரிசல் விழும், அது உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி: போட்ட பணம் எத்தனை வருடத்தில் திரும்பும்? ஒருவர் மூன்றே வருடம் என்று எழுதித் தருகிறார். (அரசு ஊழியர்)

பதில்: அவர் எழுதித் தந்த தாளில் எந்த விலையைப் பெருக்கியிருக்கிறார் என்று பாருங்கள். வித்தை அங்கேதான். பல இடங்களில் யூனிட் ஏற ஏற விலையும் படிப்படியாக ஏறும். பேனல் உங்கள் யூனிட்டைக் குறைக்கும்போது முதலில் கழிவது மேல்படி, அதாவது விலை உயர்ந்த யூனிட். அடுத்துக் கழிவது அதைவிட மலிவான யூனிட். அவரோ எல்லா யூனிட்டையும் மேல்படி விலையில் பெருக்கியிருப்பார். இதனால்தான் முதல் கிலோவாட் சீக்கிரம் பணத்தைத் திருப்பித் தரும், மூன்றாவது கிலோவாட் ஆடி அசைந்து வரும்.

நீங்களே போடுங்கள். 3 கிலோவாட், நாளுக்கு 12 யூனிட் என்றால் வருடத்துக்கு 4380 யூனிட். அதில் வீட்டில் எவ்வளவு ஓடுகிறது, லைனுக்கு எவ்வளவு போகிறது என்று அந்த ஒரு வாரத் தாளை வைத்துப் பிரியுங்கள். ஒவ்வொன்றையும் அதனதன் விலையால் பெருக்கிக் கூட்டினால் வருட மிச்சம். மானியம் கிடைத்தால் கழித்துக்கொண்டு, மொத்தச் செலவை இந்த மிச்சத்தால் வகுங்கள். கடன் வாங்கியிருந்தால் வட்டியைச் செலவில் சேருங்கள், இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பேனல் 25 வருடம் தாங்கும், வருடத்துக்கு ஏறக்குறைய அரை சதவீதம் சோர்வடையும். இன்வெர்ட்டர் அவ்வளவு தாங்காது. பத்து, பதினைந்து வருடத்தில் ஒரு தடவை மாற்ற வேண்டிவரும், அந்தச் செலவையும் ஒரு மூலையில் எழுதி வையுங்கள்.

கேள்வி: வாடகை வீடு, மொட்டை மாடி எங்களுக்கு இல்லை. எங்களுக்கு ஏதாவது வழி? (இளம் தம்பதி)

பதில்: ஜெர்மனியில் பால்கனிக் கம்பியில் ஒன்றிரண்டு பேனலை மாட்டி பிளக்கில் செருகிக்கொள்கிறார்கள். 2024-லிருந்து 800 வாட் இன்வெர்ட்டர் வரை அங்கே சட்டமே அனுமதிக்கிறது. உங்கள் இடத்தில் அனுமதி இருந்தால் பார்க்கலாம், இல்லாமல் பிளக்கில் செருகாதீர்கள்.

நான் முதலில் சொல்வது ஃபேனை. பழைய ஃபேன் 75 வாட், பி.எல்.டி.சி. ஃபேன் (குறைவாகக் கரண்ட் இழுக்கும் புது வகை மோட்டார் உள்ளது) சுமார் 30. நாலு ஃபேன் நாளுக்கு 16 மணி நேரம் ஓடினால் மிச்சம் கிட்டத்தட்ட 2.9 யூனிட். முக்கால் கிலோவாட் பேனல் தரும் கரண்ட் அது. வீடு மாறும்போது கழற்றிக்கொண்டும் போகலாம்.

கேள்வி: நிலா வெளிச்சத்தில் கரண்ட் வருமா? (ஏழு வயது, அப்பா எழுதி அனுப்பியிருக்கிறார்)

பதில்: வராது தம்பி. முழு நிலாவைவிடச் சூரியன் சுமார் 4 லட்சம் மடங்கு பிரகாசம். நிலா கொடுப்பதை வைத்து இன்வெர்ட்டர் கண்ணைக்கூடத் திறக்க முடியாது. உங்கள் வீட்டில் பேனல் இருந்தால் பொழுது சாயும் நேரத்தில் இன்வெர்ட்டர் பக்கத்தில் போய் சத்தம் போடாமல் நில். வெளிச்சம் போதவில்லை என்று தெரிந்ததும் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், அதோடு தூங்கிவிடும். காலையில் நீ எழுவதற்கு முன்னாலேயே இன்னொரு ‘டக்’. எங்கள் வீட்டில் அந்தச் சாயங்கால ‘டக்’ கேட்டால்தான் என் மனைவி நோட்டை எடுப்பாள்.